கார் கிளப்புக்கு ஆள் வரமாட்டேங்குறாங்க – பதில்

தம்பி, ஸ்கூல்ல கார் கிளப் ஆரம்பிச்சப்ப இருபது பேர், மூணாவது வாரம் நாலே பேர், நிஜ வண்டிய தொடவும் ஸ்கூல்ல விடல, ரேஸ் வீடியோதான் பாக்குறோம்னு எழுதியிருந்தீங்க. வண்டி இல்லாததால பசங்க நின்ன மாதிரி எனக்குத் தோணல. உக்காந்து ரேஸ் வீடியோ பாக்க கிளப் எதுக்கு, அத வீட்லயே பாத்துக்கலாமே. கைக்கு வேலை குடுங்க.

மெக்கானிக் யார்கிட்டயாவது கேட்டா கழட்டிப் போட்ட ஸ்பார்க் பிளக் (எஞ்சின் உள்ள பொறி விட்டு பெட்ரோல பத்த வைக்கிற சின்ன சாமான்) சும்மாவே குடுப்பாரு, நாலஞ்ச மேஜைல பரப்புங்க. நுனி லேசா பழுப்பா இருந்தா எஞ்சின் நல்லா எரிஞ்சிருக்கு, காஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம், வெள்ளையா வெளுத்திருந்தா சூடு ஜாஸ்தி, எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் உள்ள வருது. பதில சொல்லாம அவங்களையே கண்டுபிடிக்க விடுங்க, ஒரு மணி நேரம் போறதே தெரியாது (நானே இன்னும் பழைய பிளக்க தூக்கிப் போடமாட்டேன், வீட்ல திட்டு).

அப்புறம் ஸ்கூல் பசங்களுக்குன்னே எஃப்1 இன் ஸ்கூல்ஸ்னு ஒரு போட்டி இருக்கு, இப்ப ஸ்டெம் ரேசிங்னு பேர் மாத்திட்டாங்க. 3லேர்ந்து 6 பேர் ஒரு டீம், கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி குட்டி கார் செஞ்சு, சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்லேர்ந்து பீறிடுற வாயு தள்ள 20 மீட்டர் ட்ராக்ல விடணும், சுமார் ஒரே செகண்ட்ல முடிஞ்சுரும். பெட்ரோலே கிடையாது, பிரின்சிபால்கிட்ட அத மொதல்ல சொல்லுங்க. காரோட வேகத்துக்கு மட்டும் மார்க் இல்ல, டிசைன், ஸ்பான்சர் பிடிக்கிறது, மேடைல பேசுறது எல்லாத்துக்கும் உண்டு, அதனால வரையத் தெரிஞ்சவங்க, வாயாடிங்க எல்லாரையும் இழுக்கலாம்.

இருபது பேருக்கு அலையாதீங்க, அந்த நாலு பேரே ஒரு டீம்தான்.