வண்டி நிக்குது, மீட்டர் ஓடணும்: வாசகர் கேள்வி-பதில்

ஐப்பசி மழை பிடிச்சாச்சு, ஈசிஆர்ல காலையில சைக்கிள் மிதிக்கிற கூட்டமெல்லாம் வீட்டுக்குள்ள டிரெய்னர்ல, அதாவது வண்டியை நிறுத்தி வெச்சபடியே மிதிக்கிற ஸ்டாண்டுல, ஏறியாச்சு, அதனால இந்த வாரம் வந்த கடிதத்துல பாதி வேகமும் தூரமும் காட்டுற மீட்டர் பத்திதான். நீளமானதை எல்லாம் சுருக்கிட்டேன்.

கேள்வி: பின் சக்கரத்தை ரோலர்ல உட்கார வைக்கிற டிரெய்னர் வெச்சிருக்கேன். 1,200 ரூபாய்க்கு வயர் மீட்டர் வாங்கி மாட்டினேன், ஒரு மணி நேரம் மிதிச்சாலும் சைபர்தான். கடைக்காரர் மீட்டர் நல்லாத்தான் இருக்குங்கறார். (வேளச்சேரி)

அவர் சொல்றது நிஜம்தான். உங்க சென்சார் முன் ஃபோர்க்ல இருக்கு, காந்தம் முன் சக்கரத்துக் கம்பில இருக்கு. காந்தம் சென்சாரைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்துன்னு எண்ணிக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. டிரெய்னர்ல முன் சக்கரம் சுத்தவே சுத்தாதே. முன் பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சு சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க, எண் ஓடும்.

பின்னாடி மாத்திடலாம்னா வயர் எட்டாது. 2020 லாக்டவுன்ல நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கி, வயரை நடுவுல வெட்டி ரெண்டடி வயர் சேர்த்து சால்டர் வெச்சு டேப் சுத்தி ஃபிரேம் ஓரமா இழுத்துட்டுப் போனேன், மூணே வாரம்தான், வேர்வை சொட்டிச் சொட்டி சால்டர் வெச்ச இடம் பச்சையா பூத்து அறுந்துடுச்சு. அந்த வேலைக்குப் போகாதீங்க. பின் சக்கர ஹப்ல (சக்கரத்தோட நடு உருளைல) மாட்டுற வயர்லெஸ் ஸ்பீடு சென்சார் ஒண்ணு, கிராங்க்ல (பெடல் மாட்டுற தண்டுல) கட்டுற கேடென்ஸ் சென்சார், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கிறீங்கன்னு எண்ணுறது, ஒண்ணு வாங்கி போன் ஆப்ல இணைங்க. பழைய மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், மழை விட்டதும் ரோட்டுக்கு ஆகும். ஆனா ஒண்ணு, டிரெய்னருக்குன்னு சொல்லிக் கேட்டும் கடைல இதைக் கொடுத்திருந்தா, திரும்பப் போய் மாத்திக் கேளுங்க, விடாதீங்க.

கேள்வி: போன் ஆப்ல ஒரு மணி நேர ரைடுக்கு 0.2 கிமீ காட்டுது. போன் மாத்தணுமா? (தாம்பரம்)

வேண்டாம். போன் எவ்ளோ தூரம் நகருதுன்னுதான் ஜிபிஎஸ் பார்க்கும், உங்க போன் ஹாலைத் தாண்டல. ஆப்ல இண்டோர் மோடு போட்டு சென்சாரை இணைங்க.

கேள்வி: நானும் ஃபிரெண்டும் ஒரே மாடல் மீட்டர்தான். எனக்கு எப்பவும் கம்மியாவே காட்டுது. என்னோடது 29 இன்ச் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). செட்டிங் எதுவும் பண்ணல. (அம்பத்தூர்)

பண்ணலைன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் மீட்டரைக் குறை சொன்னா எப்படி? சுத்தை எண்ணி, சக்கரத்தோட சுத்தளவால பெருக்கறதுதான் தூரம். ரோடு பைக்கோட 700x25 டயருக்கு 2,105 மில்லிமீட்டர், உங்களோடது 29x2.1 டயர்னா கிட்டத்தட்ட 2,288. மீட்டர்ல 2,105 கிடந்தா, நீங்க 30 கிமீ மிதிச்சா 27.6தான் காட்டும். சரியா வேணும்னா டயர்லயும் தரைலயும் சாக்பீஸ்ல கோடு போட்டு, சீட்ல உட்கார்ந்தபடியே ஒரு முழு சுத்து நேரா உருட்டி, டேப்ல அளந்து அந்த எண்ணைப் போடுங்க. பத்து நிமிஷ வேலை.

அதைவிட முக்கியம், டிரெய்னர் வேகத்தை ரோட்டு வேகத்தோட ஒப்பிடாதீங்க. முன் பல்சக்கரத்துல 50 பல், பின் பல்சக்கரத்துல 17 பல், நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிச்சா, 700x25 டயர் இருக்கிற வண்டில கிட்டத்தட்ட 30 கிமீ வேகம் காட்டும், டிரெய்னர்ல லோடு ஏத்தியிருந்தாலும் அதே 30, இறக்கியிருந்தாலும் அதே 30. முழங்கால் படுற பாடு மீட்டருக்குத் தெரியாது.

கேள்வி: சென்சார் வாங்காம கேடென்ஸ் பார்க்க முடியுமா? (பெரம்பூர்)

முடியும். வலது முட்டி 15 செகண்டுல எத்தனை தடவை மேல வருதுன்னு எண்ணி நாலால பெருக்குங்க.

கேள்வி: 'எல்லா போன்லயும் வேலை செய்யும்'னு போட்டிருந்ததை நம்பி ஆன்லைன்ல கேடென்ஸ் சென்சார் வாங்கினேன். வந்தது ஏஎன்டி பிளஸ் (ப்ளூடூத் மாதிரி இன்னொரு வயர்லெஸ் முறை) மட்டும்தான், என் ஐபோன்ல சிக்கவே இல்ல. சீல் பிரிச்சுட்டீங்க, எடுக்க முடியாதுங்கறாங்க. 2,400 ரூபாய், காலேஜ் படிச்சுக்கிட்டே டியூஷன் எடுத்த காசு. (குரோம்பேட்டை)

தம்பி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஐபோன்ல ஏஎன்டி பிளஸ் கிடையவே கிடையாது, அதுக்கு ப்ளூடூத் இருக்கிற சென்சார்தான் வேணும், அது விக்கிறவருக்குத் தெரியாம இருக்காது. பெட்டியைப் பிரிக்காம ஒருத்தர் அது வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்பார்? எனக்கு வருஷக்கணக்கா வயித்தெரிச்சல் இதுலதான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'ன்னு பில்லுல ஒரு சீல் குத்திட்டா சட்டமே முடிஞ்சு போச்சுங்கற மாதிரி பேசறாங்க, நாமளும் அந்த சீலைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு வந்துடறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றதே முறையற்ற வணிகம், திரும்ப எடுக்க இத்தனை நாள்னு பில்லுல எதுவும் போடலைன்னா 30 நாள் கணக்கு. ஆன்லைனுக்கு 2020ல தனி விதியே வந்துடுச்சு, விளம்பரத்துல சொன்ன அம்சம் பொருள்ல இல்லைன்னா திரும்ப எடுக்கவோ காசு கொடுக்கவோ மறுக்கக் கூடாது.

இன்னிக்கே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நாளைக்கு மாத்திடுவாங்க. விக்கிறவருக்கு எழுத்துல புகார் போடுங்க, போன்ல பேசினது கணக்குல வராது. பதில் வரலைன்னா 1915க்குக் கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்பவும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. 2,400 ரூபாய்தானேன்னு விட்டுடாதீங்க. என்ன ஆச்சுன்னு எனக்கும் எழுதுங்க.

கேள்வி: 48,000க்கு டைரக்ட் டிரைவ் டிரெய்னரும் ஹப் ஸ்பீடு சென்சாரும் வாங்கினேன். சென்சார் வேலை செய்யல. பில் போடாம 2,000 குறைச்சாங்க. (அண்ணா நகர்)

டைரக்ட் டிரைவ்ல பின் சக்கரத்தைக் கழட்டிட்டுத்தானே வண்டியை மாட்டுறீங்க, அப்ப சென்சார் எந்த ஹப்ல சுத்தும்? ஸ்மார்ட் டிரெய்னர்னா வேகத்தை அதுவே அனுப்பும், கூட வந்த புத்தகத்தை ஒரு தடவை படிங்க. 48,000 ரூபாய் சாமானை பில் இல்லாம வாங்கினா நாளைக்கு ரிப்பேருக்கு எந்தக் காகிதத்தை நீட்டுவீங்க? உடனே போய் அந்த 2,000ஐக் கொடுத்து பில் கேளுங்க.

கேள்வி: எனக்கு 64 வயசு. எக்சர்சைஸ் பைக்ல தினம் 8 கிமீ காட்டுது. அதெல்லாம் பொய்க் கணக்குங்கறான் பையன். (மயிலாப்பூர்)

அம்மா, பொய்ன்னு சொல்ல முடியாது. அந்த மாதிரி பைக்ல பொதுவா மிதி சுத்தறதை எண்ணி கம்பெனி வெச்ச ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுவாங்க, ரோட்டுக் கிலோமீட்டர் இல்ல, ஆனா உங்க நேத்தைய கணக்கும் இன்னிக்கு கணக்கும் ஒரே அளவுகோல்தான். மிதியை இறுக்குற திருகு குமிழை ஒரே இடத்துல வெச்சுட்டு, நிமிஷத்தையும் கிலோமீட்டரையும் காலண்டர்ல குறிச்சுட்டு வாங்க. டிஸ்ப்ளே மங்கினாலோ எண் விட்டு விட்டு ஓடினாலோ மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கிற ரெண்டு பேட்டரியை மாத்தச் சொல்லுங்க பையன்கிட்ட.