டைமிங் கவர் மாற்றியும் அடியில் ஆயில் கசிகிறதா?

இஞ்சின் முன்பக்கம் டைமிங் செயினை மூடும் இந்தக் கவரும், அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனும் சேரும் இரண்டு மூலைகளைப் பாருங்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான். உங்கள் வண்டி 1998 செவ்ரோலே பிக்கப், 5.7 லிட்டர் வி8; ஆயில் பேனை இறக்காமலே புதுக் கவரை உள்ளே தள்ளியதாகச் சொல்கிறீர்கள். அப்படித் தள்ளினால் பேன் கேஸ்கெட்டின் (இடைவெளியை அடைக்கும் பட்டையின்) முன்விளிம்பு மடங்கிவிடலாம்.

இஞ்சின் ஆறியதும் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு டால்கம் பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெள்ளைப் பொடி முதலில் கறுக்கும் இடம்தான் கசிவு. மூலை என்றால் பேனை இறக்கி, புது கேஸ்கெட் போட்டு, மூலைக்கு ஒரு பொட்டு சிலிக்கான் சீலன்ட் வையுங்கள்.

பேலன்ஸருக்கு (கிராங்க் தண்டின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) பின்னால் நனைந்திருந்தால், கசிவது கிராங்க் சீல், அதாவது அந்தத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம். அப்புறம், இது பிளாஸ்டிக் கவர். கழற்றினால் மறுபடி மாட்டக் கூடாது. புதியதை வாங்கி வைத்துவிட்டே கை வையுங்கள்.