தாய்மாமாவுக்குப் பணம் கொடுத்தால் வரி வருமா?

தாய்மாமாவின் ஆபரேஷனுக்கு 3 லட்சம் அனுப்பப்போகிறேன், சொந்தத்துக்குள் கொடுப்பதுதானே, வரி இருக்காதே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் என் மாமாவைச் சிக்கலில் மாட்டிவிட்டேன்.

வாரிசு வரி இந்தியாவில் 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. உயில் மூலம் வருவதற்கு, எழுதியவர் யாராக இருந்தாலும் வருமான வரி இல்லை. உயிரோடு இருக்கும்போது கொடுப்பதில்தான் உறவுமுறை பார்ப்பார்கள். ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால், வாங்கியவருக்கு அது வருமானம். கூடுதலாக வந்ததற்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். ‘உறவினர்’ கொடுத்தாலோ, வாங்குபவரின் கல்யாணத்துக்கு வந்த மொய்யாக இருந்தாலோ விலக்கு உண்டு.

யார் உறவினர் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதை வாங்குபவர் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும். மாமா எனக்குக் கொடுத்தால், அவர் என் அம்மாவின் தம்பி. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் பட்டியலில் உண்டு, வரி இல்லை. நான் மாமாவுக்குக் கொடுத்தால், அவருக்கு நான் அக்கா மகன். அக்கா மகன் பட்டியலில் இல்லை! சகலைகூட இருக்கிறார், கூடவே வளர்ந்த சித்தப்பா மகன் இல்லை.

மழையில் மாமாவின் ஓட்டு வீடு ஒழுகியபோது 2 லட்சம் அவர் கணக்கில் போட்டேன். ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனோம். அவர் பாஸ்புக்கில் பென்சிலால் சுழித்து, “இது யார் போட்டது?” என்றார். “எங்க மருமகன்தான் சார்” என்று மாமா என் தோளில் கை வைத்துச் சொன்னார். “உங்க அக்கா கொடுத்திருந்தா வரியே இல்லையே” என்றார் ஆடிட்டர். அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பென்ஷனோடு அந்த 2 லட்சமும் சேர்ந்து, மாமா வரி கட்டினார். என்னைக் கட்டவிடவே இல்லை.

உங்கள் அம்மா தன் சேமிப்பிலிருந்து தம்பிக்குக் கொடுக்க முடிந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால், திரும்ப வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், கைமாற்றாக எழுதி வங்கி வழியாகக் கொடுங்கள். கடன் வருமானமாகாது. ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் கொடுக்க வேண்டாம், சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

நான் இப்போது வருடத்துக்கு 50,000-ஐத் தாண்டாமல் மாமாவுக்கு அனுப்புகிறேன். அனுப்பும் முன் சித்தி மகனுக்கு ஒரு போன் போட்டு, அவன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டுக்கொள்வேன். பட்டியலில் இல்லாதவர்கள் கொடுப்பது எல்லாம் சேர்த்துத்தான் அந்த 50,000.