சேலத்துக்குப் பக்கத்தில் எம்டிபி (மவுண்டன் பைக்) ஓட்ட நல்ல ஒற்றையடிப் பாதைகள் எங்கே இருக்கின்றன?

கேள்வி கேட்டவர் சேலத்தில் இருக்கிறார். புதிதாக மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற 'சிங்கிள் ட்ராக்' மாதிரி நம் பக்கத்து மலைகளில் ஏதாவது உண்டா என்கிறார்.

உண்டு. ஏற்காட்டிலேயே ஏராளமாக உண்டு. ஆறு வருடமாக மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது அங்கே போகிறேன், இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடியோவில் பார்ப்பது சைக்கிளுக்காகவே வெட்டிய தடம். நம்முடையது ஒற்றையடிப் பாதை, ஆட்கள் நடந்து நடந்து உண்டானது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் தோட்டத்துக்கும் களத்துக்கும் ஊருக்குமாக மூட்டை சுமந்தவர்களின் கால் பட்டுத்தான் இந்தப் பாதைகளில் பாதி உருவாகியிருக்கும். மீதி அதற்கும் முன்னால் மலைக்கிராமத்து மக்கள் போட்டவை. இன்றைக்கும் அவர்கள் அதில்தான் நடக்கிறார்கள். நாம் அங்கே விருந்தாளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாகிவிடும்.

பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஏற்காட்டில் காபி நிழலில் வளர்கிறது. மேலே சில்வர் ஓக்கும் பலாவும் கூடாரம் போட்டிருக்க, கீழே இருக்கிற பாதை ஒன்றும் தெரியாது. நான் செய்வது இதுதான்: நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை மாதிரி ஏதாவது ஒரு ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து, "இங்கிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போனா எப்படிங்க போவீங்க?" என்று கேட்பேன். வண்டியில் எப்படிப் போவது என்று கேட்டால் ரோட்டைக் காட்டிவிடுவார்கள். நடந்து போவதைக் கேட்டால்தான் பாதை கிடைக்கும். அப்புறம் முதல் தடவை சைக்கிள் இல்லாமல் நடந்தே போய்ப் பார்ப்பேன். எங்கே படி இருக்கிறது, எங்கே முள்வேலி இருக்கிறது, எந்த வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகிறது என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும்.

பாதைகளில் இரண்டு வகை உண்டு, தேர்ந்தெடுக்கும்போது இது முக்கியம். ரோட்டின் ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேராக இறங்குகிற குறுக்குப் பாதைகள் ஒரு வகை. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் விட்டுவிடுங்கள். மழைத் தண்ணீரும் அதே வழியில் நேராக ஓடுவதால் மண் அரித்து, வெறும் கல்லும் வேருமாகக் கிடக்கும். அதில் நாம் பின் பிரேக்கைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்கினால், டயர் கிழித்த கோடு அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். இன்னொரு வகை, சரிவுக்குக் குறுக்கே மட்டமாக வளைந்து வளைந்து போகிற தோட்டத்துப் பாதைகள். சுமையோடு நடப்பதற்காக அமைந்தவை என்பதால் ஏற்றம் மூச்சை வாங்காது, தண்ணீரும் பாதையோடு ஓடாமல் கடந்து போய்விடும். அசல் சிங்கிள் ட்ராக் சுகம் இதில்தான்.

தோட்டங்கள் தனியார் சொத்து. கேட் திறந்து கிடந்தாலும் ரைட்டரையோ (தோட்டத்துக் கணக்கர்) மேஸ்திரியையோ பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். எனக்குப் பத்தில் ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டியதுதான். காப்புக்காடு என்று போர்டு இருக்கிற இடத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று ஏற்காட்டின் கீழ்ச்சரிவுகளைப் பார்த்தாலே புரியும். பிப்ரவரி கடைசியிலிருந்து கோடை மழை நன்றாக இறங்கும் வரை சரிவுப் பக்கம் நான் போவதில்லை.

மூன்றாவது வருடத்தில் ஒரு நாள். கொட்டச்சேடு பக்கம், காலை ஏழு மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. இறக்கத்தில் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே விறகுக் கட்டோடு ஒரு பாட்டி ஏறி வந்தார். ஏறி வருகிறவருக்குத்தான் வழி விட வேண்டும் என்பதால் நிறுத்தி, சைக்கிளைச் செடிப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டும்போது, "போவாத கண்ணு, கீழ மாடு நிக்குது" என்றார். மாடுதானே, இதில் என்ன என்று நினைத்தேன். அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம், காபிச் செடிக்கு மேலே ஒரு கரிய முதுகு மட்டும் மெதுவாக நகர்ந்தது. காட்டுமாடு. பாதையைக் கடந்தபோதுதான் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி அந்த நிறத்தைப் பார்த்தேன். ஆண் மாடு ஒரு டன் எடை வரைக்கும் வரும். ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் பேசவே இல்லை. அவருக்காக நிற்காமல் மணியடித்துக்கொண்டு ஓரமாகப் புகுந்து போயிருந்தால் நேராக அதன் மேல்தான் போய் விழுந்திருப்பேன். அன்றையிலிருந்து பார்வை மறையும் வளைவு எதுவாக இருந்தாலும் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுகிறேன். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதும் அன்றோடு நின்றது.

சைக்கிள் விஷயம் சுருக்கமாக. ஆரம்பத்துக்கு முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற ஹார்ட்டெயில் போதும், அந்த சஸ்பென்ஷன் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் சரி. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மட்டும் கட்டாயம். 1970களில் கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைப் பக்கத்தில் பழைய சைக்கிள்களை வைத்து இந்த விளையாட்டைத் தொடங்கியவர்களுக்கு, ஒரே இறக்கத்தில் பின் ஹப் பிரேக் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருப்பது) சூடேறி உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்துபோகும். இறங்கியதும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்த இறக்கத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. டயரில் ரோட்டுக்கு வைக்கிற காற்றை வைக்காதீர்கள். ட்யூப் போட்ட 2.2 இன்ச் டயருக்கு நான் 28 பி.எஸ்.ஐ. வைக்கிறேன், என் எடை 70 கிலோ. அதற்கும் கீழே போனால் கல்லில் இடித்து ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். ஹெல்மெட், முழுவிரல் கையுறை, உதிரி ட்யூப், பம்ப், செயினுக்கு ஒரு இணைப்புக் கண்ணி இவை பையில் எப்போதும் இருக்கட்டும். பல இடங்களில் போன் எடுக்காது, அதனால் தனியாகப் போக வேண்டாம்.

ஓட்டும்போது சீட்டை இறக்கி, பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து எழுந்து நில்லுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். நம் மலைக்கே உரிய ஒரு ஆபத்து சில்வர் ஓக் சருகு. காய்ந்தால் அடுக்கடுக்காகக் கிடந்து கீழே இருக்கிற கல்லை மறைக்கும், நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அதில் முன் பிரேக்கைத் தொட்டு எனக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கிறது, ஆறு வாரம் கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். சருகைக் கண்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் நேராக உருட்டிவிடுங்கள்.

மேலே போகும் முன் ஒரு மாதம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஏரிக்கரைகளில் பழகுங்கள். அப்புறம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் மிதித்தே ஏறிப் பாருங்கள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஞாயிறு என்றால் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும், எட்டு மணிக்கு மேல் கார் வரிசை தொடங்கிவிடும்.

மண் மிக நன்றாக இருப்பது வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, டிசம்பரும் ஜனவரியும். ஈரம் உள்ளே இருந்து, மேலே இறுகி, டயர் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆனால் அதுதான் காபிப் பழம் பறிக்கிற நேரமும். பாதை முழுக்க மூட்டையோடு ஆட்கள் இருப்பார்கள். அதனால் அந்த இரண்டு மாதமும் பறிப்பு இல்லாத நாளாகக் கேட்டு வைத்துக்கொண்டு போகிறேன். நீங்களும் முதல் சவாரிக்கு நாகலூர்ப் பக்கம் அப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வழியில் களத்தில் காபி காயப் போட்டிருந்தால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போங்கள். அங்கே காவலுக்கு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அடுத்த பாதை எங்கே பிரிகிறது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.