எதிரிக்குத் தெரிந்தது எம்.பி.க்குத் தெரியக் கூடாதா?

கேள்வி: எல்லையில் என்ன நடக்கிறது என்று நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கச் சொல்வதும், அதை உங்கள் இதழ் ஆதரிப்பதும் எதிரிக்கு உதவுவது ஆகாதா? இதனால் ராணுவத்தின் மன உறுதி என்ன ஆகும்? காங்கிரஸ் ஆட்சியில் மட்டும் எல்லாம் வெளிப்படையாக நடந்ததோ?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். இல்லை, நடக்கவில்லை. நீங்கள் நினைப்பதைவிட மோசம்.

லடாக்கில் நாம் உரிமை கோரும் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டு முடித்ததை 1957-ல் சீனப் பத்திரிகைகளே எழுதிவிட்டன. 1958 அக்டோபரில் நேரு அரசு சீனாவுக்கு எதிர்ப்புத் தெரிவித்து ஒரு குறிப்பு அனுப்பியது. நம் மக்களவைக்கு விஷயம் வந்து சேர்ந்தது 1959 ஆகஸ்டில். சாலை போட்டவனுக்குத் தெரியும். அவனிடம் புகார் சொல்லியும் ஆயிற்று. பல மாதங்களாக எதுவும் தெரியாமல் இருந்தது இங்கே ஓட்டுப் போட்டவர்களும் அவர்கள் அனுப்பிய எம்.பி.க்களும்தான். வேலி தாண்டி மாட்டை விட்டவனுக்கு அது எந்த வயலில் மேய்ந்தது என்று நாம் சொல்லியா தெரிய வேண்டும்? இந்த ரகசியம் யாரிடமிருந்து காப்பாற்றப்பட்டது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் வெடித்த பிறகு நேரு போக்கை மாற்றிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கைகளாக வெளியிட்டார். 1962-ல் போர் நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 8-ம் தேதி நாடாளுமன்றம் கூடியது. சீக்கிரம் கூட்டச் சொன்னவர்களில் வாஜ்பாயும் ஒருவர். ரகசியக் கூட்டமாக நடத்தலாமே என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. ஒரு வாரம் அவரை வைத்துக்கொண்டே உறுப்பினர்கள் கிழித்தார்கள். அந்த விவாதத்தால்தான் தோற்றோம் என்று எந்தத் தளபதியும் எழுதி நான் படித்ததில்லை.

தோல்விக்குக் காரணம் தேடி ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963-ல் கொடுத்த அறிக்கைதான் இன்னும் பூட்டிக் கிடக்கிறது. 2010-ல் அன்றைய காங்கிரஸ் அரசின் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி, ‘இன்றைய ராணுவ நடவடிக்கைகளுக்கும் அது முக்கியமானது, வெளியிட முடியாது’ என்றார். 2014 மார்ச்சில் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதில் பெரும் பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, பழைய ஆவணங்களைக் காலமெல்லாம் ரகசியமாக வைப்பது சரியில்லை என்று எழுதினார். ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சர். வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் சொன்னார். உலகமே படித்துவிட்டது, நம் அரசு மட்டும் இன்னும் ‘ரகசியம்’ என்கிறது. இதில் எந்தக் கட்சியைத் திட்டுவது?

இனி இப்போதைய கதை. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 வீரர்களை இழந்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். ஜூன் 19 அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர், நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்றார். மறுநாளே அவர் அலுவலகம் அதற்கு ஒரு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. மே 17, 18-ல் சீனர்கள் மூன்று இடங்களில் அத்துமீறினார்கள் என்று பாதுகாப்பு அமைச்சகமே தன் இணையதளத்தில் ஆகஸ்டில் ஒரு ஆவணம் போட்டது. அது செய்தியானதும் காணாமல் போனது. அக்டோபரில் 2017 முதலான மாதாந்திர அறிக்கைகளையே எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 15-ம் தேதி மக்களவையில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், சீனா பல இடங்களில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை மீற முயன்றதாகச் சொன்னார். மறுநாளே மாநிலங்களவையில் உள்துறை இணை அமைச்சரின் எழுத்துபூர்வ பதில்: கடந்த ஆறு மாதங்களில் சீன எல்லையில் ஊடுருவல் எதுவும் பதிவாகவில்லை! தீவிரவாதிகள் நுழைவதைத்தான் ஊடுருவல் என்போம் என்று பிறகு ஒரு சமாதானம் வந்தது. இருக்கட்டும். அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்பதால், எழுந்து நின்று ‘அப்படியென்றால் நேற்று சொன்னது?’ என்று கேட்கவும் வழியில்லை.

மன உறுதி பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நியாயமான கவலைதான். அதற்கு 2020 பிப்ரவரியில், கல்வானுக்கு நான்கு மாதம் முன்பு, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் பாருங்கள். சியாச்சின், லடாக் போன்ற உயரங்களில் நிற்கும் வீரர்களுக்கான உடை, உணவு பற்றியது. பனிக் கண்ணாடிகளில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை வீரர்களுக்குப் புதிய பூட்ஸ் வரவில்லை, பழையதையே சரிசெய்து போட்டிருக்கிறார்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண்ணாடி இல்லாமல் நின்றால் பார்வையே கொஞ்ச நேரம் போய்விடும் என்று மலையேறுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் ஆள் அங்கே மாதக்கணக்கில் நிற்கிறார். அவருடைய மன உறுதியைக் குலைத்தது கணக்கெடுத்துச் சொன்ன தணிக்கையாளரா, வாங்கிக் கொடுக்காத அலுவலகமா? அந்த வருடக் குளிரைச் சமாளிக்க அமெரிக்காவிலிருந்து அவசரமாக உடை வாங்கினோம். தணிக்கை அறிக்கையை யாராவது முன்கூட்டியே ஒழுங்காகப் படித்திருக்கலாம். (இந்தப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகளைச் சில வருடங்களாக சி.ஏ.ஜி. இணையத்தில் ஏற்றுவதில்லை என்பது உபரித் தகவல்.)

நம்மால் முடியாத காரியம் என்றும் இல்லை. கார்கில் போர் முடிந்ததாக அறிவித்த மூன்றாம் நாள், 1999 ஜூலை 29-ல், வாஜ்பாய் அரசு ஒரு ஆய்வுக் குழு போட்டது. தலைவர் நம் திருச்சியில் பிறந்த கே.சுப்ரமண்யம், இன்றைய வெளியுறவு அமைச்சரின் தந்தை. அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. உளவுத்துறை பற்றிய பகுதிகள் உட்படப் பலவற்றை வெட்டித்தான் வைத்தார்கள், ஆனாலும் வைத்தார்கள். அதை வைத்து அமைச்சர்கள் குழு அமர்ந்தது. ‘ஒரு எல்லைக்கு ஒரு படை’ என்ற ஏற்பாடு, உள்துறையில் எல்லை மேலாண்மைத் துறை, வெகுகாலம் கழித்து முப்படைத் தலைமைத் தளபதி பதவி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கார்கிலில் கோட்டை விட்டதை ஒப்புக்கொண்டு எழுதியதால் கிடைத்த பலன் இது. கல்வானுக்கு ஏன் அப்படியொரு குழு இல்லை?

அமெரிக்காவைப் பாருங்கள். சீன ராணுவம் பற்றி ராணுவத் தலைமையகமான பென்டகன் வருடாவருடம் அறிக்கை தர வேண்டும் என்று அவர்கள் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. ரகசியம் இல்லாத பிரதி ஊருக்கு, ரகசியப் பிரதி உறுப்பினர்களுக்கு. 2021 நவம்பரில் வந்த அந்த அறிக்கையில், அருணாசல எல்லையை ஒட்டிய சர்ச்சைக்குரிய பகுதியில் சீனா 100 வீடுகள் கொண்ட கிராமம் கட்டியிருக்கிறது என்று இருந்தது. அதை நம் பத்திரிகைகள் தலைப்புச் செய்தி ஆக்கின. நம் எல்லைச் செய்தியை பென்டகன் சொல்லிப் படித்தோம்!

எந்தப் படை எந்தக் கணவாயில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் கூட்டம் மூடிய அறையில்தான் நடக்கிறது. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் என்றால் அங்கேகூட ஆவணம் தர மறுக்க மக்களவை விதிகளில் அரசுக்கு இடம் இருக்கிறது. இவ்வளவு பூட்டுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லை நிலவரம் சொல்வதில் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், அமைச்சர் அறிக்கை படிக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது என்ற மக்களவையின் 372-வது விதி. மாநிலங்களவையில் விளக்கம் கேட்கும் வழக்கம் உண்டு. 2020 செப்டம்பர் 17-ல் கட்சித் தலைவர்கள் கேட்டார்கள், பழைய அறிக்கையைப் பூட்டி வைத்த அதே அந்தோணி உட்பட. ராஜ்நாத் சிங்கும் பதில் சொன்னார். 2022 டிசம்பரில் தவாங் பக்கம் யாங்சேயில் மோதல் நடந்தபோது அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அதைத் திறக்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, அவைத் தலைவர் மனசு வைத்தால் போதும்.