வட அமெரிக்கப் பழங்குடியினரான ஓஜிப்வா மக்கள் பெரிதாக விவசாயம் செய்யாமல் எதைச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள்?

சுப்பீரியர் ஏரியைச் சுற்றியுள்ள மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ பகுதிகள்தான் அவர்கள் மண். வசந்தத்தில் மேப்பிள் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை, கோடையில் மீன், குளிர்காலத்தில் வேட்டை. ஆனால் உயிர்நாடி என்றால் காட்டரிசிதான். நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம். ஆழமில்லாத ஏரிகளில் தானாக முளைக்கும். ஆகஸ்ட் கடைசி வாக்கில் பிர்ச் மரப்பட்டைப் படகில் இருவர் போவார்கள். ஒருவர் கழி ஊன்றித் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் வளைத்து இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணி மட்டும் உதிரும்; தண்ணீரில் சிந்துவது அடுத்த வருட விதை. பிறகு வறுத்து, மிதித்து, உமி போகப் புடைப்பார்கள்.

அமெரிக்க அரசோடு போட்ட 1837 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் காட்டரிசி எடுக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள். அந்த ஒப்பந்த உரிமைகள் இன்றும் செல்லும் என்று 1999ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.