நீரிழிவு மூலிகைகளும் ஆக்சிஜனேற்றத் தடுப்பும்: கேள்வி பதில்

வேதியியல் மாணவி: ஐயா, நீரிழிவுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளுக்கும் என்ன தொடர்பு?

பதில்: இரத்தச் சர்க்கரை மிகும்போது செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு போன்ற வினைவேகம் மிக்க மூலக்கூறுகள் அளவுமீறி உருவாகின்றன. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் செல்களால் உள்ளே நுழையும் சர்க்கரையைத் தடுக்க இயலாததால், அவை எளிதில் பழுதடைகின்றன. நெல்லியின் டானின்கள், ஆவாரம்பூவின் ஃபிளேவனாய்டுகள், நாவல் கொட்டையின் எல்லாஜிக் அமிலம் முதலியவை அம்மூலக்கூறுகளைத் தணிக்க வல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள்.

ஆசிரியர் ஒருவர்: ஆவாரம்பூச் சாறு, ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றலை அளக்கும் டிபிபிஹெச் சோதனையில் நன்கு செயல்படுவதாகப் படித்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அதையே குடிக்கலாமா?

பதில்: அருள்கூர்ந்து நிறுத்தாதீர்கள். அச்சோதனையில், ஊதா நிறக் கரைசலில் சாற்றைக் கலந்து, நிறம் எவ்வளவு மங்குகிறது என்பதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கிறோம். அங்கே குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. நாம் அருந்தும், டானின், ஃபிளேவனாய்டு போன்ற பாலிஃபீனால்களில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கிவிட, உட்சென்ற சிறு பகுதியும் உருமாறிவிடுவதால், சோதனைக் குழாயில் இருந்த செறிவு இரத்தத்தில் வாய்ப்பது மிக அரிது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஹோப் என்னும் மருத்துவ ஆய்வில், நீரிழிவாளர் பலர் உட்பட 9,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். சராசரியாக நான்கரை ஆண்டுகள், ஆக்சிஜனேற்றத் தடுப்பியான வைட்டமின் ஈ உட்கொண்டவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை.

இம்மூலிகைகளை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக. கடலழிஞ்சில் என்னும் மூலிகையில் உள்ள சலாசினால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைக் குடலிலேயே தடுக்கிறது. நீரிழிவுக்கான அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதைத்தான். வெந்தயத்தின் நார்ச்சத்து, சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. இரத்தத்துக்குள் செல்லாமலேயே இவை பயன் தருவதால், உறிஞ்சப்படாமை இங்கே ஒரு குறையாவதில்லை. ஆய்வாளர்கள் இவ்வழியில் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இல்லத்தரசி ஒருவர்: சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் இனிப்பே தெரிவதில்லையே, அதுவும் சர்க்கரை குறைவதன் அடையாளமா?

பதில்: இல்லை அம்மா. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்வைச் சிறிது நேரம் மட்டுப்படுத்துகின்றன, அவ்வளவே.

செவிலியர் ஒருவர்: என் தாயார் கிளைமிபிரைடு மாத்திரையுடன் ஆவாரைக் குடிநீரும் அருந்துகிறார். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: கிளைமிபிரைடு இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மருந்து, சர்க்கரையைக் குறைக்கும் குடிநீரும் உடன் சேர்ந்தால் அளவு மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். அளவு தாழ்ந்திருந்தால் குளுக்கோஸ் கொடுங்கள். தாயார் அருந்துவதைச் சித்த மருத்துவர், நீரிழிவு மருத்துவர் இருவரிடமும் மறைக்காமல் சொல்லி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அக்காலத்தின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.